45 பென்ஸா, உண்மைச் செலவா? பிரிட்டனில் சுயதொழில் செய்பவரின் மைல் கணக்கு

பிரிட்டனில் சொந்தமாகத் தொழில் செய்பவர் தன் காரைத் தொழிலுக்கு ஓட்டினால், அந்தச் செலவை வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள இரண்டு வழிகள் இருக்கின்றன. மைலுக்கு இத்தனை பென்ஸ் என்று பிரிட்டனின் வரித்துறையான எச்எம்ஆர்சி வைத்திருக்கும் நிலையான வீதத்தை எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால், பெட்ரோல், இன்சூரன்ஸ், பழுது என்று உண்மையில் ஆன செலவை எல்லாம் கூட்டி, அதில் தொழிலுக்கான பங்கைக் கழிக்கலாம். எது லாபம் என்று நண்பர்களிடம் கேட்டால் வழக்கமாக ஒரே பதில்தான் வரும்: குறைவாக ஓடினால் முதலாவது, நிறைய ஓடினால் இரண்டாவது.

அந்தப் பதிலில் பாதிதான் உண்மை. கார் சொந்தமா வாடகையா, வாங்கிய விலை என்ன, எத்தனை வருடம் வைத்திருந்து என்ன விலைக்கு விற்பீர்கள் என்பதெல்லாம் மைல் எண்ணிக்கைக்குச் சமமான கனம் உள்ளவை. அதோடு, இந்த முடிவு வருடா வருடம் மாற்றக்கூடியதும் இல்லை. ஒரு காருக்கு ஒரு வழியைத் தேர்ந்துவிட்டால், அந்தக் கார் உங்கள் தொழிலில் இருக்கும் வரை அதே வழிதான். முதல் வருடக் கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் இதனால்தான் ஏமாந்து போகிறார்கள்.

இங்கே சொல்லும் வீதங்கள் 2025–26 வரி ஆண்டுக்கானவை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். மைலுக்கு 45 பென்ஸ் என்றால் யாரும் உங்களுக்கு 45 பென்ஸ் திருப்பித் தரப்போவதில்லை. அது உங்கள் லாபத்திலிருந்து குறைகிற தொகை. லாபம் குறைந்தால் வரி குறையும், அவ்வளவுதான். லாபம் 12,570 பவுண்டுக்கும் 50,270 பவுண்டுக்கும் இடையில் இருக்கும் ஒருவர் அதன் மேல் 20 சதவீத வருமான வரியும், 6 சதவீத நான்காம் வகுப்பு நேஷனல் இன்சூரன்ஸும் (அரசின் சமூகக் காப்பீட்டுக் கட்டணம்) கட்டுகிறார். ஆக, கழிக்கிற ஒவ்வொரு பவுண்டுக்கும் 26 பென்ஸ் மிச்சம். 45 பென்ஸ் கழித்தால் கையில் நிற்பது மைலுக்கு 11.7 பென்ஸ். 50,270க்கு மேலே இருப்பவருக்கு இரண்டும் சேர்ந்து 42 சதவீதம். ஸ்காட்லாந்தில் வருமான வரிப் படிகள் வேறு, அங்கே இருப்பவர்கள் தங்கள் படியை வைத்துக் கணக்குப் போட வேண்டும். மைலேஜ் போட்டால் செலவு முழுக்கத் திரும்பி வந்துவிடும் என்று நினைத்து யாரும் தேவையில்லாமல் வண்டி ஓட்டக் கூடாது என்பதற்காகவே இதை முதலில் சொல்கிறேன்.

நிலையான வீதம்

காருக்கும் வேனுக்கும் வருடத்தின் முதல் 10,000 தொழில் மைல்களுக்கு 45 பென்ஸ், அதற்கு மேல் 25 பென்ஸ். மோட்டார் சைக்கிளுக்கு எல்லா மைலுக்கும் 24 பென்ஸ். இந்த 45 பென்ஸ் 2011 ஏப்ரலில் வந்தது. அதற்குப் பிறகு இன்சூரன்ஸும் பழுதுச் செலவும் எங்கேயோ போய்விட்டன, வீதம் அங்கேயே நின்றுவிட்டது. இது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் கணக்கை இருக்கிற எண்ணை வைத்துத்தான் போட முடியும்.

இந்த வீதத்துக்குள் என்னென்ன அடக்கம் என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. கார் வாங்கிய விலை, அதன் தேய்மானம், லீஸ் அல்லது வாடகை, பெட்ரோல், சர்வீஸ், டயர், பழுது, இன்சூரன்ஸ், ரோட் டாக்ஸ், எம்ஓடி எனும் வருடாந்திர வண்டிச் சோதனை எல்லாம் உள்ளே வந்துவிட்டன. இவற்றில் எதையும் மறுபடி தனியாகப் போட முடியாது. 45 பென்ஸும் எடுத்து, இன்சூரன்ஸையும் சேர்த்துப் போட்டால் அது ஒரே செலவை இரண்டு தடவை கழிப்பது. குறிப்பிட்ட ஒரு தொழில் பயணத்துக்காகக் கட்டிய பார்க்கிங், டோல், லண்டன் கன்ஜெஷன் சார்ஜ் (நகர மையத்துக்குள் ஓட்டுவதற்கான கட்டணம்) ஆகியவற்றைத் தனியாகச் சேர்க்கலாம். காரைக் கடனில் வாங்கியிருந்தால் வட்டியில் தொழிலுக்கான பங்கையும் சேர்க்கலாம். இதைப் பலர் தவறவிடுகிறார்கள். பார்க்கிங் அபராதத்தை மட்டும் எந்த வழியிலும் கழிக்க முடியாது.

இந்த வழி தனிநபர் தொழில் செய்பவர்களுக்கும், கம்பெனி எதுவும் பங்காளியாக இல்லாத கூட்டுத் தொழில்களுக்கும்தான். லிமிடெட் கம்பெனி வைத்திருப்பவருக்கு விதிகள் வேறு. பிளாக் கேப், இரட்டைப் பெடல் வைத்த டிரைவிங் ஸ்கூல் கார் போல வணிகத்துக்கென்றே அமைந்த கார்களுக்கும் இது கிடையாது. சைக்கிளில் டெலிவரி செய்பவர்களுக்கும் இதில் இடமில்லை. மைலுக்கு 20 பென்ஸ் என்று அவர்கள் கேள்விப்படுவது சம்பளத்துக்கு வேலை செய்பவர்களுக்கான வீதம். சுயதொழில் சைக்கிள்காரர் உண்மைச் செலவைத்தான் போட வேண்டும்.

உண்மைச் செலவு

இந்த வழியில் வண்டிக்கான எல்லாச் செலவுக்கும் ரசீது வைத்து, வருட முடிவில் கூட்டி, மொத்த மைலில் தொழில் மைல் எத்தனை பங்கோ அந்தப் பங்கை எடுக்கிறீர்கள். 12,000 மைல் ஓடியதில் 9,000 தொழிலுக்கு என்றால் முக்கால் பங்கு. ஆகவே மைல் குறிப்பு எழுதும் வேலை இதிலும் உண்டு. உண்மைச் செலவுக்குப் போனால் மைல் எழுத வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காரை வாங்கிய விலைதான் இந்த வழியில் சிக்கலான இடம். அதை ஒரே வருடத்தில் கழிக்க முடியாது. கேப்பிட்டல் அலவன்ஸ் என்ற பெயரில் சிறிது சிறிதாகத்தான் வரும். கிலோமீட்டருக்கு 50 கிராமுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு விடும் கார் என்றால் வருடத்துக்கு மீதித் தொகையில் 6 சதவீதம். சாதாரண பெட்ரோல், டீசல் கார்களும், பிளக் இல்லாத ஹைப்ரிட்களும் இதில்தான் விழும். 50 கிராமும் அதற்குக் கீழும் என்றால் 18 சதவீதம். அதுவும் 2026 ஏப்ரலிலிருந்து 14 ஆகக் குறைகிறது. பழைய எலெக்ட்ரிக் காரும் இந்தப் படியில்தான் வருகிறது. புத்தம் புதிய எலெக்ட்ரிக் காருக்கு மட்டும் முதல் வருடமே 100 சதவீதம்.

6 சதவீதம் என்பது மிகவும் மெதுவான வேகம். 14,000 பவுண்டு கொடுத்து வாங்கிய காருக்கு முதல் வருடம் வெறும் 840 பவுண்டு. நிஜத்தில் அந்தக் கார் அதைவிடப் பல மடங்கு மதிப்பு இழந்திருக்கும். இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் "சரி, 45 பென்ஸே போதும்" என்று முடிவுக்கு வருகிறார்கள். ஆனால் இந்தக் கணக்குக்கு ஒரு பின்பாதி இருக்கிறது. சொந்தப் பயன்பாடும் கலந்த கார், சுயதொழில் செய்பவரின் கணக்கில் தனிக் கணக்காகவே வைக்கப்படும். அதை விற்கும்போது, கணக்கில் நிற்கும் மீதிக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம் பேலன்சிங் அலவன்ஸாக மொத்தமாக வந்துவிடும். அதாவது, கார் உண்மையில் எவ்வளவு மதிப்பு இழந்ததோ அதில் தொழில் பங்கு முழுவதும் கடைசியில் உங்களுக்குக் கிடைத்துவிடுகிறது. தாமதமாகத்தான், ஆனால் குறையாமல். எதிர்பார்த்ததைவிட நல்ல விலைக்கு விற்றால் இது தலைகீழாகும்: அதிகமாகக் கழித்ததை லாபத்தில் திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கும்.

எண்களை வைத்துப் பார்ப்போம்

கீழே வருபவை விளங்குவதற்காக நான் அமைத்த உதாரணங்கள். உங்கள் எண்களை அந்த இடங்களில் போட்டுப் பாருங்கள்.

ஹாரோவில் இருக்கும் ஒரு வயலின் ஆசிரியை. வாட்ஃபோர்டு, வெம்ப்ளி, ஸ்லவ் என்று மாணவர்களின் வீடுகளுக்குப் போய்க் கற்பிக்கிறார். அவருடைய சிறிய பழைய கார் 5,000 பவுண்டு பெறும். வருடத்தில் 9,000 மைல், அதில் தொழிலுக்கு 4,000. நிலையான வீதத்தில் 1,800 பவுண்டு கழிக்கலாம். உண்மைச் செலவு என்றால் பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ், ரோட் டாக்ஸ் எல்லாம் சேர்த்து 2,700, தொழில் பங்கு 1,200. கேப்பிட்டல் அலவன்ஸில் 300இன் பங்கு 133. மொத்தம் 1,333. கார் வருடத்துக்கு 500 பவுண்டு மதிப்பு இழக்கிறது என்று வைத்து, விற்கும் நாள் வரை சராசரி பார்த்தாலும் 1,422தான் வருகிறது. நிலையான வீதம் தெளிவாக முன்னே நிற்கிறது. ரசீது சேர்க்கும் வேலையும் இல்லை. வீடு வீடாகப் போகும் டியூஷன் ஆசிரியர்கள், பரதநாட்டிய ஆசிரியைகள், கல்யாணப் புகைப்படக்காரர்கள் போன்றவர்களில் பெரும்பாலோருக்கு இதே முடிவுதான் வரும். அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

மினிகேப், அதாவது முன்பதிவு டாக்ஸி, ஓட்டுபவருக்கு வருவோம். வருடம் 36,000 மைல், அதில் 30,000 தொழிலுக்கு. ஆறில் ஐந்து பங்கு. நிலையான வீதத்தில் முதல் 10,000க்கு 4,500, அடுத்த 20,000க்கு 5,000, ஆக 9,500 பவுண்டு.

இவர் எலெக்ட்ரிக் கார் ஒன்றை இன்சூரன்ஸோடு வாரம் 280 பவுண்டுக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறார் என்று வையுங்கள். லண்டனில் 2023 ஜனவரியிலிருந்து புதிதாக லைசன்ஸ் எடுக்கும் மினிகேப் வண்டிகள் புகையில்லாமல் ஓடக்கூடியவையாக இருக்க வேண்டும் என்பதால், விலை கொடுத்து வாங்க முடியாமல் இப்படி வாடகைக்குப் போனவர்கள் நிறைய. வருட வாடகை 14,560, சார்ஜ் செய்ய 3,000, மொத்தம் 17,560. ஆறில் ஐந்து பங்கு 14,633. நிலையான வீதத்தைவிட 5,133 பவுண்டு அதிகம். வரியில் அது சுமார் 1,335 பவுண்டு, அதுவும் ஒவ்வொரு வருடமும். வாடகை 45 பென்ஸுக்குள் அடக்கம் என்பது தெரியாமல் நிலையான வீதத்தில் உட்கார்ந்திருக்கும் வாடகைக் கார் ஓட்டுநர்கள்தான் இந்த விஷயத்தில் அதிகம் இழப்பவர்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதவே தோன்றியது. வாடகைக்கு எடுப்பது 50 கிராமுக்கு மேல் புகை விடும் கார் என்றால் ஒரு எச்சரிக்கை: 45 நாளுக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தமாக இருந்தால் வாடகையில் 15 சதவீதத்தைக் கழிக்க முடியாது.

இதே ஓட்டுநர் வாடகைக்குப் போகாமல், ஏற்கெனவே லைசன்ஸ் உள்ள பழைய ஹைப்ரிட் ஒன்றை 14,000க்கு வாங்கியிருந்தால்? பெட்ரோல் 4,400, மினிகேப் இன்சூரன்ஸ் 3,200, சர்வீஸ், டயர், ரோட் டாக்ஸ், எம்ஓடி 2,000. மொத்தம் 9,600, தொழில் பங்கு 8,000. முதல் வருட கேப்பிட்டல் அலவன்ஸ் 840இல் பங்கு 700. ஆக 8,700. நிலையான வீதம் 9,500 தருகிறதே! வருடம் 30,000 தொழில் மைல் ஓடியும் நிலையான வீதம் 800 பவுண்டு முன்னால் இருக்கிறது. "நிறைய ஓடினால் உண்மைச் செலவு" என்ற பேச்சு இங்கே பொய்த்துவிட்டது போலத் தெரியும்.

இங்கேதான் பொறுமை வேண்டும். மூன்று வருடம் ஓட்டிவிட்டு அந்தக் காரை 7,000க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலையான வீதத்தில் மூன்று வருடத்துக்கு 28,500. உண்மைச் செலவில் ஓட்டும் செலவு 24,000, அதோடு கார் இழந்த 7,000 மதிப்பில் ஆறில் ஐந்து பங்கு 5,833. ஆக 29,833. முதல் வருடம் பின்தங்கியிருந்த வழி, மொத்தத்தில் 1,333 பவுண்டு முன்னால் வந்துவிட்டது. வரியில் இது சுமார் 347 பவுண்டு. பெரிய தொகை என்று சொல்ல மாட்டேன். மூன்று வருடம் ரசீது சேர்க்கும் பாட்டுக்கு அது போதுமா என்பது அவரவர் விருப்பம். என்னைக் கேட்டால், இந்த ஹைப்ரிட்காரர் எந்த வழியில் போனாலும் தவறில்லை. ஆனால் ரசீதுகளை ஒழுங்காக வைக்கும் பழக்கம் இல்லாதவர் நிலையான வீதத்திலேயே இருக்கட்டும். ரசீது தொலைந்த செலவை எந்த வழியிலும் நம்பிக்கையாகக் கழிக்க முடியாது.

ஒரே எண்ணில் முடிவெடுப்பது

மேலே இருக்கும் மூன்று கணக்கையும் ஒரே கேள்வியாகச் சுருக்கலாம். வண்டிக்கு ஆகும் எல்லாச் செலவையும் கூட்டுங்கள். ஒரு வருடத்துக்கு எவ்வளவு மதிப்பு இழக்கும் என்பதையும் சேருங்கள். அதை வருடத்தின் மொத்த மைலால் வகுங்கள், தொழில் மைலால் அல்ல. வருவது உங்கள் கார் ஒரு மைல் ஓட ஆகும் உண்மைச் செலவு. அதை எச்எம்ஆர்சி தரும் சராசரி வீதத்தோடு ஒப்பிட்டால் போதும். கடன் வட்டி இரண்டு வழியிலும் கழிவதால் அதை விட்டுவிடலாம்.

சராசரி வீதம் மைலோடு சேர்ந்து இறங்கும். 10,000 தொழில் மைல் வரை 45 பென்ஸ். 20,000 என்றால் 35. 30,000 என்றால் 31.7. 40,000 என்றால் 30. வயலின் ஆசிரியையின் கார் மைலுக்கு 35.6 பென்ஸில் ஓடுகிறது, அவருக்குக் கிடைப்பது 45. ஹைப்ரிட் 33.1 பென்ஸில் ஓடுகிறது, கிடைப்பது 31.7. வாடகை எலெக்ட்ரிக் 48.8 பென்ஸில் ஓடுகிறது, அதற்கும் அதே 31.7தான். இப்படி வைத்துப் பார்த்தால் யாருக்கு எது என்பது தானாகத் தெரிந்துவிடும். மைல் குறைவாக ஓடினாலும், 40,000 பவுண்டு கொடுத்து வாங்கிய காரில் போகும் ஆலோசகருக்கு உண்மைச் செலவு நல்லதாக இருக்கலாம் என்பதும் இதிலிருந்தே புரியும். விலையுயர்ந்த காரின் தேய்மானம் மட்டுமே 45 பென்ஸைத் தாண்டிவிடும்.

புது எலெக்ட்ரிக் காரும் வேனும்

புதிய எலெக்ட்ரிக் காருக்கு முழு விலையையும் முதல் வருடமே கழிக்கும் சலுகை, வருமான வரி கட்டுபவர்களுக்கு 2027 ஏப்ரல் 5 வரை இருக்கிறது. 30,000 பவுண்டு கார், 80 சதவீதம் தொழிலுக்கு என்றால் 24,000 பவுண்டு ஒரே வருடத்தில் கழியும். கேட்கவே இனிக்கிறது. ஆனால் அந்த வருடம் உங்கள் லாபம், மற்றச் செலவுகள் போக, 28,000தான் என்றால் மீதி நிற்பது 4,000. 12,570 வரை எப்படியும் வரி இல்லை என்பதால், 8,570 பவுண்டு கழிவு வீணாகப் போகிறது. அதோடு லாபம் 6,845க்குக் கீழே போனால், அந்த வருடம் அரசு ஓய்வூதியத்துக்கான நேஷனல் இன்சூரன்ஸ் கணக்கில் தானாகச் சேராது. விருப்பக் கட்டணம் கட்டித்தான் சேர்க்க வேண்டும். இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. முழுச் சலுகையையும் கேட்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தேவையான அளவு மட்டும் கேட்டுவிட்டு, மீதியை அடுத்தடுத்த வருடங்களில் மெதுவாகக் கழித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். நான்கு வருடம் கழித்து அதே காரை 12,000க்கு விற்றால், அதில் 80 சதவீதம், அதாவது 9,600 பவுண்டு, அந்த வருட லாபத்தில் சேரும். முன்பே வாங்கிக்கொண்ட சலுகையைத் திருப்பிக் கொடுக்கும் நேரம் அது. வண்டி விற்கும் வருடத்தில் வரி ஏன் இப்படி ஏறியது என்று திகைப்பவர்கள் உண்டு. காரணம் இதுதான்.

வேன் இதைவிடச் சுலபம். வேன் வரிச் சட்டத்தில் காராகக் கருதப்படுவதில்லை. அதன் விலையை வாங்கிய வருடமே, தொழில் பங்கு அளவுக்கு, முழுக்கக் கழிக்கலாம். மோட்டார் சைக்கிளுக்கும் முதல் வருடமே முழுக்கக் கழிக்கும் வசதி உண்டு. மொபெட்டில் உணவு டெலிவரி செய்பவர்கள் தங்கள் டெலிவரி இன்சூரன்ஸ் பிரீமியத்தை ஒரு தடவை எடுத்துப் பார்க்க வேண்டும். 24 பென்ஸ் அதை ஈடுகட்டாமல் போவது சாதாரணம்.

எது தொழில் மைல்

வீதம் எதுவாக இருந்தாலும், எண்ணக்கூடாத மைலை எண்ணினால் எல்லாக் கணக்கும் வீண். சுயதொழில் செய்பவர் எங்கே போனாலும் தொழில் மைல்தான் என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக இருக்கிறது. நீதிமன்றங்கள் அப்படிச் சொல்லவில்லை.

1952இல் ஒரு பாரிஸ்டர் வழக்கு வந்தது. அவர் விப்ஸ்னேடில் குடியிருந்து, லண்டன் லிங்கன்ஸ் இன்னில் இருந்த தன் அலுவலகத்துக்குப் போய் வந்தார். இரவில் வீட்டிலும் வழக்குக் கட்டுகளைப் படித்தார். ஆகவே வீடும் தன் வேலை இடம்தான் என்று வாதாடினார். நீதிமன்றம் ஏற்கவில்லை. வேலை இடத்திலிருந்து தூரத்தில் குடியிருப்பது அவருடைய சொந்த வசதி, அந்தப் பயணம் தொழிலுக்கானது அல்ல என்றது. ஏறக்குறைய இருபது வருடம் கழித்து, 1971இல், ஈஸ்ட்போர்னைச் சேர்ந்த ஒரு செங்கல் கொத்தனாரின் வழக்கில் தீர்ப்பு வேறு மாதிரி வந்தது. அவருக்கு நிலையான வேலை இடம் எதுவும் கிடையாது. இன்று ஒரு கட்டடம், அடுத்த மாதம் இன்னொன்று. தொழில் பேசுவது, கருவிகளை வைப்பது எல்லாம் வீட்டில். அவருக்கு வீடே தொழிலின் தளம், அங்கிருந்து கட்டடங்களுக்குப் போவது தொழில் பயணம் என்று தீர்ப்பானது.

2014இல் வந்த டாக்டர் சமாதியன் வழக்கு இன்றைக்கு எச்எம்ஆர்சி கையில் வைத்திருக்கும் அளவுகோல். என்எச்எஸ் எனும் அரசு மருத்துவச் சேவையில் வேலையில் இருந்த அவர் தனியார் மருத்துவமனைகளிலும் நோயாளிகளைப் பார்த்தார், வீட்டிலும் ஒரு அலுவலகம் வைத்திருந்தார். வீட்டிலிருந்து அந்தத் தனியார் மருத்துவமனைகளுக்குப் போன பயணம் கழியாது என்று மேல் தீர்ப்பாயம் சொன்னது. ஒழுங்காக, முன்கூட்டியே தெரிந்தபடி போகும் ஒரு இடம் உங்கள் தொழில் இடமாகிவிடுகிறது. வீட்டில் உண்மையாகவே வேலை செய்தாலும் அங்கே போவது தொழில் பயணம் ஆகாது.

இதை நம் வாழ்க்கைக்குக் கொண்டுவந்தால்: ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே டியூஷன் சென்டருக்குப் போய்ப் பாடம் எடுப்பவருக்கு, வீட்டிலிருந்து அங்கே போகும் மைல்கள் ஆபத்தானவை. தினமும் மாலை ஒரே டேக்அவேக்குப் போய் அங்கிருந்து டெலிவரி எடுப்பவருக்கு, கடைக்குப் போய் வரும் மைல் தன் சொந்த மைல் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. கடையிலிருந்து வாடிக்கையாளர் வீடு வரை போய் வருவது சந்தேகமில்லாமல் தொழில் மைல். வீட்டைத் தளமாக வைத்து வெவ்வேறு இடங்களுக்குப் போகும் பிளம்பர், எலெக்ட்ரிஷியன் போன்றவர்கள் ஈஸ்ட்போர்ன் கொத்தனாரின் பக்கம் நிற்கலாம்.

எழுதி வைப்பது

தேதி, எங்கிருந்து எங்கே, எதற்காக, எத்தனை மைல். இந்த நாலும் போதும். போனில் ஒரு ஆப், அல்லது டாஷ்போர்டில் ஒரு நோட்டுப் புத்தகம், எதுவானாலும் சரி, ஓடிய அன்றே எழுதியிருக்க வேண்டும். ஏப்ரல் 6 அன்று ஓடோமீட்டரை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வருடத்தின் மொத்த மைல் அதிலிருந்து கிடைத்துவிடும்.

எம்ஓடி சோதனையின்போது குறிக்கப்படும் மைல் எண்ணிக்கை, வண்டி நம்பரை வைத்து யார் வேண்டுமானாலும் அரசு இணையதளத்தில் பார்க்கக் கூடியது. கார் மொத்தமாக 14,000 மைல் ஓடிய வருடத்தில் 18,000 தொழில் மைல் கேட்பவர் தானே மாட்டிக்கொள்கிறார். இன்னொரு பக்கம், உபர், டெலிவரூ போன்ற டிஜிட்டல் தளங்கள் ஓட்டுநர்களின் வருமான விவரத்தை 2024ஆம் ஆண்டிலிருந்து சேகரித்து எச்எம்ஆர்சிக்கு அனுப்புகின்றன. வருமானத்தை மறைக்க இடமில்லாத காலத்தில், நியாயமாகக் கிடைக்க வேண்டிய கழிவை ஏன் விட வேண்டும்? ரிட்டர்ன் போட வேண்டிய ஜனவரி 31இலிருந்து ஐந்து வருடம் இந்தக் குறிப்புகளைப் பத்திரமாக வைக்க வேண்டும்.

இரண்டு வழியும் வேண்டாதவர்கள்

மாலை நேரத்தில் மட்டும் கொஞ்சம் டியூஷன் எடுத்து வருடம் 3,000 பவுண்டு சம்பாதிப்பவருக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. டிரேடிங் அலவன்ஸ் என்று 1,000 பவுண்டை எந்த ரசீதும் இல்லாமல் கழிக்கலாம். ஆனால் அதை எடுத்தால் மைல் உட்பட வேறு எந்தச் செலவும் எடுக்க முடியாது. மைலைத் தவிர வேறு செலவே இல்லாதவருக்கு 2,222 மைல்தான் எல்லைக்கோடு. அதற்குக் கீழே ஓடினால் அலவன்ஸ், மேலே ஓடினால் மைல்.

யூனிவர்சல் கிரெடிட் எனும் அரசு உதவித்தொகை வாங்கும் சுயதொழில்காரர்களுக்கு இன்னொரு நிலைமை. வரி ரிட்டர்னில் நீங்கள் உண்மைச் செலவைத் தேர்ந்திருந்தாலும், மாதந்தோறும் அங்கே கொடுக்கும் கணக்கில் காருக்கு நிலையான வீதம்தான் செல்லும். மாதத்துக்கு முதல் 833 மைலுக்கு 45 பென்ஸ், பிறகு 25. இரண்டு இடத்திலும் வேறு வேறு லாபம் வருவது தவறில்லை. இரண்டையும் தனித்தனியாக எழுதி வைத்தால் போதும்.

வீடு வாங்கக் கடன் கேட்கப் போகிறவர்களும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். வங்கி பார்ப்பது ரிட்டர்னில் உள்ள லாபத்தை. எலெக்ட்ரிக் காரின் முழு விலையையும் கழித்த வருடத்தை வைத்துக் கடன் கேட்டால், உங்கள் உண்மையான வருமானம் அங்கே தெரியாது.

அடுத்த கார் வாங்கும்போது மறுபடி முதலிலிருந்து தேர்ந்தெடுக்கலாம், பழைய காரில் எடுத்த முடிவு புதிய காரைக் கட்டுப்படுத்தாது. அதுபோல, ஒரே தொழிலில் இரண்டு வண்டி இருந்தால் ஒன்றுக்கு மைல், இன்னொன்றுக்கு உண்மைச் செலவு என்றும் வைக்கலாம். இந்தக் காருக்கு ஏற்கெனவே கேப்பிட்டல் அலவன்ஸ் எடுத்திருந்தால் மட்டும் 45 பென்ஸ் பக்கம் திரும்ப முடியாது. 2024–25 ரிட்டர்னில் பார்க்கிங், கன்ஜெஷன் சார்ஜ், கடன் வட்டி எதையாவது விட்டுவிட்டதாக இப்போது தெரிந்தால், அதை 2027 ஜனவரி 31 வரை இணையத்திலேயே திருத்தலாம்.